சீன வறுத்த நூடுல்ஸ்

சீன வறுத்த நூடுல்ஸ் என்பது அவித்த கோதுமை மாவு இழைகளைச் சிறிதளவு எண்ணெயில், மிகுந்த வெப்பத்தில், காய்கறி, முட்டை அல்லது இறைச்சியுடன் சேர்த்து விரைவாகக் கிளறிச் சமைக்கப்படும் உணவாகும். தென் சீனாவில் தோன்றிய இவ்வகைச் சமையல், சீனர்கள் குடியேறிய நாடுகள் அனைத்திலும் அந்தந்த இடத்துப் பொருட்களுக்கு ஏற்ப மாற்றம் பெற்றுள்ளது. தமிழ்நாட்டில் இது உணவகங்களிலும், மாலை நேரத் தள்ளுவண்டிக் கடைகளிலும் "எக் நூடுல்ஸ்", "வெஜ் நூடுல்ஸ்" என்னும் பெயர்களில் விற்கப்படுகின்றது. இதை வீட்டில் செய்வோர் பெரும்பாலும் உலர்ந்த பொட்டல நூடுல்ஸையே பயன்படுத்துகின்றனர். எனினும் மாவு பிசைவது தொடங்கி முழுவதையும் வீட்டிலேயே செய்ய இயலும். சேலம், நாமக்கல் மாவட்டச் சமவெளியில் அதற்குத் தேவையான முதன்மைப் பொருட்கள் உள்ளூரிலேயே கிடைக்கின்றன.

பெயர்

சீன மொழியில் "சாவ்" என்பது சட்டியில் கிளறி வறுத்தலையும், "மியன்" என்பது கோதுமை மாவையும் அதிலிருந்து செய்யப்படும் இழைகளையும் குறிக்கும். இவ்விரு சொற்களின் தென் சீன வட்டார வழக்கே ஆங்கிலத்தில் "சௌ மெய்ன்" எனத் திரிந்தது. "நூடுல்ஸ்" என்ற சொல் செருமானிய மொழியின் "நூடல்" என்பதிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. தமிழில் அதன் ஆங்கிலப் பன்மை வடிவமே பெயராக நிலைத்துவிட்டது.

இவ்வுணவு தமிழகத்துக்கு வருவதற்கு நெடுங்காலம் முன்பே, அதைச் சமைக்கும் பாத்திரத்துக்குத் தமிழில் பெயர் இருந்தது. குழிந்த அடியுடைய இரும்புச் சட்டி சீனச்சட்டி என வழங்கப்படுகின்றது. மலையாளத்திலும் இதே பெயர் உண்டு. கொங்கு வட்டாரத்தில் இதனை வடச்சட்டி என்பர். சட்டி சீனாவிலிருந்து வந்ததா, பெயர் மட்டும் அப்படி அமைந்ததா என்பது தனி ஆராய்ச்சிக்குரியது. ஆயினும் வடச்சட்டியின் வடிவம் சீன வறுவலுக்கு மிகவும் பொருத்தமானது என்பதில் ஐயமில்லை.

தோற்றமும் பரவலும்

சீனாவின் சிங்காய் மாகாணத்தில் உள்ள லாச்சியா என்னும் தொல்லியல் களத்தில், கவிழ்ந்து கிடந்த மண் கிண்ணம் ஒன்றின் அடியில் ஏறத்தாழ 4000 ஆண்டுகள் பழமையான நூடுல்ஸ் இழைகள் காணப்பட்டதாக 2005 ஆம் ஆண்டில் நேச்சர் ஆய்விதழில் ஒரு கட்டுரை வெளியானது. அவ்விழைகள் கோதுமையால் ஆனவை அல்ல. தினை, பனிவரகு ஆகியவற்றால் செய்யப்பட்டவை என ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். இத்தானியங்களில் மாவை இழுபடச் செய்யும் பசையம் இல்லை. எனவே அவற்றைக் கையால் இழுத்து நீளமான இழைகளாக்கியிருக்க முடியுமா என்ற கேள்வி பின்னர் எழுந்தது. வெந்த மாவைத் துளைகளின் வழியே அழுத்திப் பிழிந்திருக்கலாம் என்பது அதற்கு முன்வைக்கப்பட்ட விடைகளுள் ஒன்று. சந்தகை பிழியும் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்த விடை வியப்பளிக்காது. தினையும் பனிவரகும் நாமக்கல் மாவட்டத்தின் கொல்லிமலையில் பழங்குடி மக்களால் பயிரிடப்படும் தானியங்கள் என்பது இங்குக் குறிப்பிடத்தக்கது.

இந்தியாவுக்குச் சீனச் சமையல் கொல்கத்தா வழியாக வந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதி முதல் அந்நகரிலும் அதன் சுற்றுப்புறத்திலும் சீனர்கள் குடியேறினர். அவர்களுள் ஹக்கா இனத்தவர் டாங்ரா பகுதியில் தோல் பதனிடும் தொழிலை நடத்தி வந்தனர். பிற்காலத்தில் அப்பகுதி சீன உணவகங்களுக்கும் பெயர்பெற்றது. இந்திய உணவகங்களின் "ஹக்கா நூடுல்ஸ்" என்ற பெயர் இம்மக்களை ஒட்டி எழுந்ததேயாகும். இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய் ஆகியவற்றைத் தாராளமாகச் சேர்க்கும் இந்தியச் சீன உணவு முறை இவ்வாறு உருவானது. கொல்கத்தாவில் பிறந்த நெல்சன் வாங் என்னும் சமையலர் 1975 இல் மும்பையில் உருவாக்கியதாகக் கூறப்படும் "சிக்கன் மஞ்சூரியன்" இம்முறையின் மற்றொரு புகழ்பெற்ற உணவாகும். சீனாவின் மஞ்சூரியப் பகுதியில் இப்படியோர் உணவு வழக்கில் இல்லை.

வீடுகளுக்கு நூடுல்ஸைக் கொண்டுவந்தது வேறொரு வழி. தைவானில் பிறந்து ஜப்பானில் தொழில் நடத்திய மோமோஃபுக்கு ஆண்டோ 1958 இல் உடனடி நூடுல்ஸை விற்பனைக்குக் கொண்டுவந்தார். இந்தியாவில் 1980களின் தொடக்கத்தில் மாகி நூடுல்ஸ் அறிமுகமானது. இதன் விளைவாகத் தமிழ்நாட்டில் ஒரு தலைமுறையினர்க்கு நூடுல்ஸ் என்றாலே மசாலாப் பொடியுடன் வேகவைக்கும் சுருள் இழைகள் என்ற எண்ணம் ஏற்பட்டது. கிளறி வறுத்த நூடுல்ஸ் இதற்கு முற்றிலும் வேறானது.

சேலம், நாமக்கல் சமவெளியில் கிடைக்கும் பொருட்கள்

நாமக்கல் இந்தியாவின் முட்டை உற்பத்தி மையங்களுள் முதன்மையானது. 1997 ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் சேலம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டுத் தனி மாவட்டமான இதன் கோழிப்பண்ணைகள் தமிழ்நாடு, கேரளம் ஆகிய மாநிலங்களுக்கும் வெளிநாடுகளுக்கும் முட்டை அனுப்புகின்றன. 1982 இல் தொடங்கப்பட்ட தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு அறிவிக்கும் நாமக்கல் மண்டல விலை செய்தித்தாள்களில் வெளியாகின்றது. ஆகவே மாவில் முட்டை சேர்த்துப் பிசையும் கான்டன் வகை நூடுல்ஸ் இவ்வட்டாரத்துக்கு இயல்பாகவே பொருந்துகின்றது.

இரண்டாவது பொருள் மரவள்ளி மாப்பொருள். குச்சிக்கிழங்கு என்று உள்ளூரில் அழைக்கப்படும் மரவள்ளியிலிருந்து ஜவ்வரிசியும் ஸ்டார்ச் மாவும் செய்யும் சேகோ ஆலைகள் சேலம், ஆத்தூர், இராசிபுரம் சுற்றுவட்டாரத்தில் ஏராளம். இவற்றின் விற்பனைக்காகச் சேகோசர்வ் என்னும் கூட்டுறவுச் சங்கம் 1981 முதல் சேலத்தில் இயங்குகின்றது. சேலம் ஜவ்வரிசிக்கு 2023 இல் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. சமையல் நூல்கள் சோளமாவு கேட்கும் இடங்களில் எல்லாம் உண்ணத்தக்க தரமுள்ள மரவள்ளி மாவைப் பயன்படுத்தலாம். வெட்டிய இழைகள் ஒட்டாமல் தூவுவதற்கு அது சோளமாவைவிட நன்றாகவே உதவுகின்றது.

முட்டைக்கோஸ், காரட், பீன்ஸ், குடைமிளகாய், வெங்காயத்தாள் ஆகியவை உழவர் சந்தைகளில் கிடைக்கின்றன. கடலை எண்ணெய் இப்பகுதியின் வழக்கமான சமையல் எண்ணெய். தென் சீனச் சமையலர்களும் அதையே விரும்புவர். வெளியிலிருந்து வாங்க வேண்டியவை சோயா சாறும் வினிகரும் மட்டுமே.

மாவின் இயல்பு

கோதுமையில் கிளையடின், குளூட்டெனின் என்னும் இரு புரதங்கள் உள்ளன. நீர் சேர்த்துப் பிசையும்போது இவை பின்னிப் பசையம் என்னும் வலையாகின்றன. நூடுல்ஸ் வெந்த பின்னும் அறுந்து போகாமல் இருப்பது இவ்வலையினால்தான். மைதாவில் புரதம் ஏறத்தாழ 10 விழுக்காடு உள்ளது. முழுக்கோதுமை மாவில் புரதம் கூடுதலாக இருந்தாலும், அதிலுள்ள தவிட்டுத் துகள்கள் பசைய வலையை ஆங்காங்கே அறுத்துவிடுகின்றன. எனவே ஆட்டா மாவு மட்டும் கொண்டு செய்த இழைகள் சட்டியில் துண்டு துண்டாகும். சத்துக்காக ஆட்டா சேர்க்க விரும்புவோர் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது.

பரோட்டா மாவு பிசைந்து பழகியவர்கள் இங்கு ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். பரோட்டா மாவு இளக்கமானது. நூடுல்ஸ் மாவு மிக இறுக்கமாக, பிசையவே கடினமாக இருக்க வேண்டும். மாவின் எடையில் ஏறத்தாழ 35 முதல் 40 விழுக்காடு நீர் போதும், முட்டையிலுள்ள நீரும் இதில் அடக்கம். 50 கிராம் எடையுள்ள முட்டை உள்ளீட்டில் நான்கில் மூன்று பங்கு நீரே.

மஞ்சள் நிறமும், மெல்லும்போது பல்லுக்கு எதிர்ப்புத் தரும் தன்மையும் கொண்ட சீன நூடுல்ஸில் காரப்பொருள் ஒன்று சேர்க்கப்படுகின்றது. அது சோடியம் கார்பனேட்டும் பொட்டாசியம் கார்பனேட்டும் கலந்ததாகும். காரத்தன்மை பசையத்தை இறுக்குகின்றது. மாவிலுள்ள ஃபிளேவனாய்டு நிறமிகள் காரத்தில் மஞ்சளாகின்றன. கடைகளில் விற்கும் பல நூடுல்ஸ் பொட்டலங்களின் உட்பொருள் பட்டியலில் 500, 501 என்ற எண்கள் காணப்படுவது இதனால்தான். அவை இவ்விரு உப்புகளின் குறியெண்கள்.

இதை வீட்டிலேயே பெறலாம். ஆப்ப சோடா என்பது சோடியம் பைகார்பனேட்டு. அதைத் தட்டில் பரப்பி 120 பாகை செல்சியசு வெப்பமுள்ள அடுப்பறையில் ஒரு மணி நேரம் வைத்தால் நீராவியும் கரியமில வாயுவும் வெளியேறி, சோடியம் கார்பனேட்டு எஞ்சும். எடை மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று மேலாகக் குறைவதே வினை முடிந்ததன் அடையாளம். இவ்வாறு சுட்ட சோடா ஆப்ப சோடாவைவிட வலுவான காரம். கண்ணிலும் ஈரக் கையிலும் படாமல் கையாள வேண்டும்; அலுமினியப் பாத்திரத்தில் கரைக்கலாகாது. துணி துவைக்க விற்கப்படும் சலவைச் சோடாவும் வேதியியல்படி சோடியம் கார்பனேட்டே. ஆனால் அது உணவுக்கான தூய்மையுடன் செய்யப்படுவதில்லை. எக்காரணம் கொண்டும் அதைப் பயன்படுத்தக் கூடாது. காரப்பொருள் சேர்க்காமலும் நூடுல்ஸ் செய்யலாம். முட்டை சேர்த்த மாவில் அதன் குறை பெரிதாகத் தெரியாது.

இழை செய்தல்

நான்கு தட்டுகளுக்கு மைதா 250 கிராம், முட்டை ஒன்று, நீர் 60 மில்லிலீட்டர், உப்பு முக்கால் தேக்கரண்டி, சுட்ட சோடா சேர்ப்பதாயின் அரைத் தேக்கரண்டி தேவை. உப்பையும் சோடாவையும் நீரில் முழுதும் கரைத்த பின்னரே முட்டையுடன் கலக்கி மாவில் சேர்க்க வேண்டும். முதலில் மாவு பொடிப்பொடியாக, சேராதது போல் இருக்கும். மேலும் நீர் ஊற்றத் தோன்றும் இந்த இடத்தில் ஊற்றாமல் இருப்பதே முக்கியம். உருட்டி அழுத்தி, ஈரத்துணியால் மூடி அரை மணி நேரம் வைத்தால் நீர் மாவு முழுவதும் பரவித் தானே இணக்கமாகிவிடும். அதன்பின் ஐந்து நிமிடம் பிசைந்து, மீண்டும் அரை மணி நேரம் ஊற விட வேண்டும்.

மாவை நான்காகப் பிரித்து, சப்பாத்திக் கட்டையில் மரவள்ளி மாவு தூவி, ஒன்றரை மில்லிமீட்டர் தடிமனுக்குத் தேய்க்க வேண்டும். வெந்ததும் தடிமன் கூடும் என்பதை நினைவிற் கொள்க. தேய்த்த தகட்டின் மேல் மீண்டும் மாவு தூவி, சேலை மடிப்புப் போல மடித்து, கூரிய கத்தியால் மூன்று மில்லிமீட்டர் அகலத்தில் நறுக்கி உதறினால் நீண்ட இழைகள் கிடைக்கும். முறுக்கு அச்சில் பிழிய முயல்வோர் உண்டு. இந்த இறுக்கத்தில் அச்சின் பிடி உடையுமே தவிர மாவு இறங்காது. மாவை இளக்கிப் பிழிந்தாலோ இழைகள் கொதிநீரில் ஒட்டிக்கொள்ளும்.

அகன்ற பாத்திரத்தில் மூன்று லீட்டர் நீரைத் தளதளவெனக் கொதிக்க வைத்து, இழைகளை உதிர்த்துப் போட்டுக் கிளறினால் ஒன்றரை முதல் இரண்டு நிமிடத்தில் வெந்துவிடும். ஓர் இழையைக் கிள்ளிப் பார்த்தால் நடுவில் மெல்லிய வெண்புள்ளி தெரியும் நிலையே சரியான பதம். எஞ்சியது சட்டியில் வேகும். உடனே வடித்து, குளிர்ந்த நீரில் அலசி, மேலே ஒட்டியுள்ள மாப்பொருளை நீக்க வேண்டும். நீர் முற்றிலும் வடிந்தபின் ஒரு தேக்கரண்டி எண்ணெய் பிசறி, தட்டில் பரப்பி ஆற விட வேண்டும். குளிர்பதனப் பெட்டியில் ஓரிரு மணி நேரம் வைப்பது மேலும் நல்லது. குளிரும்போது மாப்பொருள் மூலக்கூறுகள் மீண்டும் அடுக்கப்பட்டு இழை உறுதியாகின்றது. பழைய சோற்றில் வறுத்த சோறு நன்றாக வருவதற்கும் காரணம் இதுவேயாகும்.

வெப்பக் கணக்கு

வீட்டில் செய்யும் நூடுல்ஸ் உணவக நூடுல்ஸ் போல் வருவதில்லை என்ற குறைக்குப் பெரும்பாலும் மசாலாவோ சாறோ காரணமல்ல, வெப்பமே காரணம். இதை எளிய கணக்கால் விளக்கலாம்.

வீட்டு எரிவாயு அடுப்பின் பெரிய எரிவாய் ஏறத்தாழ 2 கிலோவாட்டு வெப்பம் தருவதாகக் கொள்வோம். அதில் 60 விழுக்காடு சட்டிக்குச் சேர்ந்தால் பயன்படுவது 1.2 கிலோவாட்டு. ஒரு தட்டுக்கு அவித்த நூடுல்ஸ் 150 கிராம், காய்கறி 75 கிராம். இவற்றை அறை வெப்பநிலையிலிருந்து 100 பாகைக்குச் சூடாக்க ஏறத்தாழ 57 கிலோசூல் வேண்டும். ஈரம் வெளியேறினால்தான் இழை வறுபடும். தட்டொன்றுக்கு 25 கிராம் நீரை ஆவியாக்க மேலும் 57 கிலோசூல் தேவை. ஆக, தட்டொன்றுக்கு ஏறத்தாழ 113 கிலோசூல்.

சட்டியிலேயே சேமித்து வைத்த வெப்பம் இங்கு உதவிக்கு வருகின்றது. 1.2 கிலோகிராம் எடையுள்ள இரும்பு வடச்சட்டியை 250 பாகைக்குச் சுட வைத்தால், அது 100 பாகைக்கு இறங்கும்போது ஏறத்தாழ 80 கிலோசூல் வெளியிடும். எனவே ஒரு தட்டு மட்டும் செய்தால் அரை நிமிடத்தில் வறுவல் தொடங்கிவிடும். இரண்டு தட்டுக்கு இரண்டு நிமிடம் ஆகும். வீட்டில் உள்ள ஆறு பேருக்கும் ஒரே முறையில் போட்டால் எட்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். அந்த எட்டு நிமிடமும் நூடுல்ஸ் வறுபடாது; முட்டைக்கோசு விடும் நீரில் வெந்துகொண்டிருக்கும். குழைந்து, ஒட்டி, களியாகும் நூடுல்ஸின் வரலாறு இவ்வளவுதான். உணவகங்களிலும் தள்ளுவண்டிகளிலும் உள்ள இரைச்சலிடும் எரிவாய்கள் வீட்டு அடுப்பைப் போலப் பல மடங்கு வெப்பம் தருவன. அங்கும் கைதேர்ந்தவர்கள் ஒரு முறைக்கு இரண்டு மூன்று தட்டுக்கு மேல் போடுவதில்லை.

ஈரம் நீங்கிய இழையின் மேற்பரப்பு 140 பாகையைத் தாண்டும்போது சர்க்கரைகளும் அமினோ அமிலங்களும் சேர்ந்து மையார் வினை நிகழ்கின்றது. வறுத்த மணமும் பழுப்பு நிறமும் இதனால் தோன்றுகின்றன. எண்ணெய் ஆவியும் சேர்ந்து உண்டாகும் தனி மணத்தைக் கான்டன் மக்கள் "வொக் ஹெய்", அதாவது சட்டியின் மூச்சு, என்பர். உணவு நெடுநேரம் அடியில் தங்கினால் கருகும். ஆகவேதான் சட்டியைக் குலுக்கித் தூக்கிப் போடுகின்றனர். அமெரிக்காவின் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் 2020 இல் வெளியிட்ட ஆய்வொன்று, வறுத்த சோறு செய்யும் சமையலர்கள் நொடிக்கு ஏறத்தாழ மூன்று முறை சட்டியை முன்பின்னாக இழுத்தும் சாய்த்தும் ஆட்டுவதாகக் கணித்தது. வீட்டுச் சமையலர் இதைப் பின்பற்றத் தேவையில்லை. வலுக்குறைந்த அடுப்பிலிருந்து சட்டியைத் தூக்குந்தோறும் வெப்பம் இழக்கப்படும். இரண்டு தட்டைக் கரண்டிகளால் அடியிலிருந்து புரட்டுவதே போதுமானது.

பாத்திரத்தைப் பொறுத்தவரை, சேலம் உருக்காலையால் இவ்வூரின் பெயரோடு சேர்ந்துவிட்ட துருவேறா எஃகு இச்சமையலுக்கு ஏற்றதல்ல. அது வெப்பத்தை மெதுவாகவே கடத்தும், மாவும் அதில் ஒட்டும். துருப்பிடிக்கும் சாதாரண இரும்புச் சட்டியே சிறந்தது. எண்ணெய் தடவிப் பலமுறை சூடாக்கிப் பழக்கிய சட்டியில் ஒட்டாது. நான்ஸ்டிக் சட்டியை இவ்வளவு வெப்பத்துக்கு உட்படுத்தக் கூடாது. 260 பாகைக்கு மேல் அதன் பூச்சு சிதையத் தொடங்கி நச்சுப் புகை வெளியிடும்.

வறுத்தல்

எல்லாப் பொருட்களையும் நறுக்கி, கைக்கெட்டும் இடத்தில் வைத்த பின்னரே அடுப்பைப் பற்ற வைக்க வேண்டும். தொடங்கிய பின் நறுக்க நேரமிராது. காய்கறிகள் இழைகளைப் போலவே மெல்லிய நீளத்துண்டுகளாக இருத்தல் வேண்டும். கழுவிய ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுப்பது பயன் தரும்.

வெறும் சட்டியை மெல்லிய புகை எழும் வரை சுட வைத்து, இரண்டு தட்டுக்கு இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் ஊற்றிச் சட்டியைச் சுழற்ற வேண்டும். சுத்திகரித்த கடலை எண்ணெய் ஏறத்தாழ 230 பாகை வரை தாங்கும். செக்கில் ஆட்டிய எண்ணெய் மணமிக்கதாயினும் அதற்கு வெகு முன்பே புகையும்; அதை இறுதியில் சில துளிகள் சேர்க்கலாம். முதலில் இரு முட்டைகளை அடித்து ஊற்றி, பொங்கியதும் கலைத்து, முக்கால் வேக்காட்டில் தனியே எடுத்து வைக்க வேண்டும். அடுத்து நசுக்கிய பூண்டு, இஞ்சி, கீறிய பச்சை மிளகாய். இவை பத்து நொடியில் மணக்கும், இருபது நொடியில் கருகும். உடனே காரட், பீன்ஸ், பின்னர் முட்டைக்கோஸ், குடைமிளகாய். ஒரு நிமிடத்தில் காய்கறியை ஒதுக்கி, நூடுல்ஸை உதிர்த்துப் போட்டு, அரை நிமிடம் தொடாமல் விட வேண்டும். அடிப்பகுதி சற்றே சிவக்கும். பின் புரட்டி, ஒரு மேசைக்கரண்டி சோயா சாற்றைச் சட்டியின் சூடான ஓரத்தில் சுற்றி ஊற்ற வேண்டும். நூடுல்ஸின் மேல் நேராக ஊற்றினால் ஓரிடத்தில் கருத்து, மற்ற இடம் வெளுத்திருக்கும். முட்டை, மிளகுத்தூள், வெங்காயத்தாள், அரைத் தேக்கரண்டி வினிகர் சேர்த்து இறக்கலாம். மிளகுக்குக் கொல்லிமலை மிளகு அருகிலேயே கிடைக்கும்.

தக்காளிச் சாறும் சர்க்கரையும் சேர்ப்பது இந்தியச் சாலையோரக் கடைகளின் வழக்கம். அவை சட்டியில் ஒட்டிக் கருகுவதால் அடுத்த தவணைக்கு முன் சட்டியைக் கழுவ வேண்டியிருக்கும்.

உப்பு, அஜினோமோட்டோ, நிறம்

ஒரு மேசைக்கரண்டி சோயா சாற்றில் ஏறத்தாழ 900 மில்லிகிராம் சோடியம் உள்ளது. உலக நலவாழ்வு அமைப்பு பெரியவர்களுக்குப் பரிந்துரைக்கும் நாளைய மேல் வரம்பு 2000 மில்லிகிராமுக்கும் குறைவு. மாவிலுள்ள உப்பு, சாறுகளிலுள்ள உப்பு, மேலே தூவும் உப்பு ஆகிய மூன்றும் சேரும்போது ஒரு தட்டிலேயே அவ்வரம்பின் பெரும்பகுதி தீர்ந்துவிடும். சாறு சேர்க்கும் நூடுல்ஸுக்குத் தனி உப்பு தேவையில்லை. சோயா சாறு பெரும்பாலும் கோதுமையும் சேர்த்துப் புளிக்க வைக்கப்படுவதால், பசைய ஒவ்வாமை உடையோர் அரிசி நூடுல்ஸ் செய்யும்போதும் இதைக் கவனிக்க வேண்டும்.

மக்கள் அஞ்சுவது உப்புக்கு அல்ல, அஜினோமோட்டோவுக்கே. வணிகப் பெயரால் இவ்வாறு அறியப்படும் மோனோசோடியம் குளூட்டமேட்டை 1908 இல் ஜப்பானிய வேதியியலாளர் கிக்குனே இக்கேடா கடற்பாசிச் சாற்றிலிருந்து பிரித்தெடுத்தார். 1968 இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றுக்கு மருத்துவர் ஒருவர் எழுதிய கடிதம், சீன உணவகத்தில் உண்டபின் ஏற்பட்ட மரத்துப்போதல், படபடப்பு ஆகியவற்றுக்கு இது ஒரு காரணமாகலாமோ என வினவியது. அக்கடிதத்திலிருந்து எழுந்த அச்சம் உலகெங்கும் பரவியது. பின்னர் நடந்த மறைமுகச் சோதனைகளில், உணவில் வழக்கமாகச் சேரும் அளவுக்கு அத்தகைய விளைவு சீராக உறுதிப்படவில்லை. தக்காளியிலும் குளூட்டமேட்டு இயற்கையாகவே உண்டு. இது இல்லாமலும் வறுத்த நூடுல்ஸ் நன்றாக வரும் என்பதால், விரும்பாதோர் விட்டுவிடலாம்.

2015 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஈயத்தின் அளவு மிகுந்திருப்பதாகக் கூறி மாகி உள்ளிட்ட சில உடனடி நூடுல்ஸ் வகைகளின் விற்பனைக்குத் தமிழ்நாடு அரசு மூன்று மாதத் தடை விதித்தது. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் மாகிக்கு நாடு முழுவதும் தடை விதித்தது. மும்பை உயர் நீதிமன்றம் அவ்வாண்டு ஆகஸ்டில் அந்த ஆணையை நீக்கி மறுசோதனைக்கு உத்தரவிட்டது. சோதனைகளில் தேறிய பின் நவம்பரில் மாகி மீண்டும் விற்பனைக்கு வந்தது. மாவு பிசைந்து செய்யும் நூடுல்ஸின் மீது ஆர்வம் கொண்டோர் பலருக்கு இந்நிகழ்வு ஒரு தொடக்கமாயிற்று எனலாம். செயற்கை நிறமோ வேறொரு சிக்கல். கோபி மஞ்சூரியனில் நிறமி சேர்ப்பதைக் கர்நாடக அரசு 2024 இல் தடை செய்தது. நூடுல்ஸுக்கு நிறம் தேவையே இல்லை.

சந்தகையுடன் ஒப்பீடு

கொங்கு வட்டாரத்தின் சந்தகை அல்லது சந்தவை, அரிசியால் ஆன நூடுல்ஸே ஆகும். ஊறவைத்த புழுங்கல் அரிசியை நைய அரைத்து, இட்லி போல வேகவைத்து, சூடு ஆறுமுன் மரத்தாலோ இரும்பாலோ ஆன சந்தகை அச்சில் இட்டுப் பிழிவர். அச்சை அழுத்த ஒருவர், இழையைத் தட்டில் வாங்க ஒருவர் என இருவர் வேண்டும். இடியாப்பத்தில் மாவு பிழிந்த பிறகு வேகின்றது. சந்தகையில் வெந்த பிறகு பிழியப்படுகின்றது. அரிசியில் பசையம் இல்லை. வெந்து கூழான மாப்பொருளே இழையைப் பிணைத்து நிறுத்துகின்றது. தென்மேற்குச் சீனாவின் அரிசி நூடுல்ஸும் இதே நெறியில் அமைந்ததே.

தேங்காய்ப்பாலுடன் உண்பது போக, எலுமிச்சை, புளி, தக்காளி கொண்டு தாளித்த சந்தகையும் வழக்கில் உள்ளது. மேற்கூறிய முறையில் முட்டை, காய்கறியுடன் சந்தகையை வறுக்கவும் செய்யலாம். அதற்குப் பிழிந்த இழைகளை முற்றிலும் ஆற விட்டு, கையால் உதிர்த்து, கடைசியில் சேர்த்து, மிகக் குறைவாகக் கிளற வேண்டும். கோதுமை இழை தாங்கும் புரட்டலை அரிசி இழை தாங்காது.

அவித்த நூடுல்ஸைச் சேமித்தல்

அவித்து வைத்த நூடுல்ஸைச் சாதாரண வெப்பநிலையில் நெடுநேரம் விடுவது ஆபத்தானது. பேசில்லசு சீரியசு என்னும் நுண்ணுயிரியின் விதைத்தூள்கள் கொதிநீரிலும் அழியாமல் தப்பும். இழைகள் வெதுவெதுப்பாக இருக்கும்போது அவை முளைத்துப் பெருகி நச்சை உண்டாக்குகின்றன. வாந்தியை உண்டாக்கும் அந்நச்சு வெப்பத்தால் அழியாது. மீண்டும் எவ்வளவு வறுத்தாலும் உணவு பாதுகாப்பாகாது. பெல்ஜியத்தில் 2008 இல், ஐந்து நாட்கள் அறை வெப்பநிலையில் வைத்த ஸ்பகெட்டியைச் சூடாக்கி உண்ட 20 வயது மாணவர் ஒருவர் ஒரே இரவில் கல்லீரல் செயலிழந்து இறந்தார். இது மிக அரிதான நிகழ்வே. ஆயினும் பெல்ஜியத்தின் அறை வெப்பநிலையும், சித்திரை மாதத்துச் சேலத்தின் அறை வெப்பநிலையும் ஒன்றல்ல.

எனவே அவித்த இழைகளை ஆறியதும் மூடி, இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பதனப் பெட்டியில் 5 பாகைக்குக் கீழ் வைத்து, மறுநாளுக்குள் பயன்படுத்திவிட வேண்டும். கோடையில் ஒரு மணி நேரத்துக்குள் வைப்பது நல்லது. மின்சாரம் நெடுநேரம் தடைப்பட்டால் அவித்த நூடுல்ஸை எறிந்துவிடுவதே முறை. பிசைந்த பச்சை மாவில் முட்டை இருப்பதால் அதற்கும் இவ்விதி பொருந்தும். வெட்டிய பச்சை இழைகளை மரவள்ளி மாவில் புரட்டி உறைநிலைப் பெட்டியில் வைத்தால் ஒரு மாதம் வரை கெடாது. உறைந்த நிலையிலேயே கொதிநீரில் போடலாம்.